சொல்லும் பொருளும்: ‘இன்டெர்னெகாரே’ என்னும் லத்தீன் கொலைவினை

கேள்வி: ஒரே கட்சிக்குள் நடக்கும் சண்டையைப் பற்றி எழுதும்போது ஆங்கில நாளேடுகள் ‘இன்டர்னிசைன்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. அகராதியைப் புரட்டினால், ‘கொல்லுதல்’ என்று பொருள்படும் ‘இன்டெர்னெகாரே’ என்ற லத்தீன் வினையே அதற்கு மூலம் என்று போட்டிருக்கிறது. ‘இன்டெர்’ என்றால் ‘இடையே’ என்று பொருள் என்பதால், அந்த வினைக்கு ‘ஒருவரையொருவர் கொல்லுதல்’ என்று பொருள் கொள்ளலாமா? லத்தீனில் அது எங்கே, எப்படி வழங்கியது?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கொள்ளக்கூடாது. ‘ஒருவரையொருவர்’ என்ற பொருள் லத்தீனில் இல்லை; அது ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி இச்சொல்லுக்கு ‘பரஸ்பர அழிவை நாடுகிற’ என்று பொருள் எழுதியது. நீங்கள் நினைத்ததைப் போலவே அவரும் முன்னொட்டை ‘இடையே’ என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு முந்திய ஆங்கில எழுத்தில் ‘இன்டர்னிசைன் போர்’ என்பது லத்தீனில் இருந்ததைப் போலவே ‘எதிரியை விட்டுவைக்காத போர்’ என்றுதான் இருந்தது. பெரிய அகராதி சொன்னதால் புதுப்பொருள் நிலைத்தது. பிறகு அதிலிருந்த கொலையும் தேய்ந்து, இன்று வெறும் உட்பூசலாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அதை இனிப் பிழை என்று சொல்வது வீண்வேலை, ஏனென்றால் வழக்கு நிலைத்துவிட்டது. அதையே லத்தீனின் தலையிலும் கட்டுவதுதான் தவறு.

இவ்வினையை ‘இன்டெர்’, ‘நெகாரே’ என்று பிரிக்கலாம். ‘நெகாரே’ என்றால் கொல்லுதல். அதற்கு அடியான ‘நெக்ஸ்’ என்ற பெயர்ச்சொல் இயற்கையாக வராத சாவைக் குறிக்கும். ‘இன்டெர்’ பெரும்பாலும் ‘இடையே’தான் என்றாலும், சில வினைகளோடு சேரும்போது ‘இல்லாமற் போகும்படி’ என்ற பொருளைத் தருகிறது. ‘ஈரே’ என்றால் போதல், ‘இன்டெரீரே’ என்றால் அழிந்துபோதல். ‘எமெரே’ என்பதற்குப் பழைய பொருள் எடுத்தல், ‘இன்டெரிமெரே’ என்றால் உயிரெடுத்தல். ‘ஃபகெரே’ என்றால் செய்தல், ‘இன்டெர்ஃபிகெரே’ என்றால் கொல்லுதல். இவற்றில் எதிலும் ‘ஒருவரையொருவர்’ என்ற கருத்து இல்லை. நாம் ‘அந்தர்த்தானமாகிவிட்டான்’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்த வடசொல்லில் உள்ள ‘அந்தர்’ லத்தீன் ‘இன்டெ’ருக்கு உறவு, ‘தா’ என்ற வடமொழி வேரும் லத்தீன் ‘ஃபகெரே’யும் ஒரே மூலத்தில் பிறந்தவை. ஆகவே மொழிநூலார் சிலர் ‘இன்டெர்ஃபிகெரே’யையும் ‘அந்தர்த்தான’த்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்று கண்ணிலிருந்து மறைப்பது, மற்றொன்று உலகத்திலிருந்தே மறைப்பது. இந்த வரிசையில் வைத்தால் ‘இன்டெர்னெகாரே’ என்பதற்கு ‘மிச்சமில்லாமல் கொல்லுதல்’ என்பதே பொருள்.

இனி வழக்குக்கு வருவோம். இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் உரைநடை ஆசிரியர்களிடம் பல இடங்களில் காணலாம், வினையோ அரிது. அதற்குப் பெயர்பெற்ற இடம் பிளாட்டஸ் எழுதிய ‘அம்ஃபிட்ருவோ’ என்ற இன்பியல் நாடகம். பிளாட்டஸ் கி.மு. 184-ஐ ஒட்டி இறந்தவர். தளபதி அம்ஃபிட்ருவோ போரில் வென்று ஊர் திரும்புகிறான். வெற்றிச் செய்தியைத் தன் மனைவியிடம் சொல்லும்படி சோசியா என்ற அடிமையை இரவோடு இரவாக முன்னால் அனுப்புகிறான். எசமானியிடம் எப்படிச் சொல்வது என்று வீட்டு வாசலில் நின்று ஒத்திகை பார்க்கும் சோசியா, ‘பகைவரை வென்று படைகள் வெற்றியோடு வீடு திரும்புகின்றன, மாபெரும் போர் அணைந்தது, பகைவர் இன்டெர்னெகாட்டிஸ்’ என்று தொடங்குகிறான். ‘கொன்று தீர்க்கப்பட்ட நிலையில்’ என்பது அந்த எச்சத்தின் பொருள். அதே வரியில் போருக்கு அவன் வழங்கும் சொல்லும் அன்றாடச் சொல்லான ‘பெல்லும்’ அன்று, அதன் பழைய வடிவமான ‘துவெல்லும்’. ரோமானியத் தளபதிகள் ஆட்சிமன்றத்துக்கு அனுப்பும் வெற்றி அறிக்கையின் நடையை ஓர் அடிமையின் வாயில் போட்டுப் பிளாட்டஸ் கேலி செய்கிறார் என்பது அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு உடனே விளங்கியிருக்கும். கேலி அதோடும் நிற்கவில்லை. சற்றுத் தள்ளி அதே சோசியா, ‘அவர்கள் மும்முரமாகப் போரிட்டபோது நான் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தேன்’ என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறான். ஆக, ஒருவரையும் விடாமல் கொன்று தீர்த்ததாகச் சொல்கிறவன் களத்தையே பார்க்காதவன்.

இதைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. ‘இன்டெர்னெகியோ’ என்ற பெயர்ச்சொல்லும் பெரும்பாலும் இப்படி வென்றவர் வாயிலிருந்தே வருகிறது. கி.மு. 57-இல் இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த நெர்வியரை வென்ற சீசர், அவ்வினமும் அதன் பெயரும் ஏறத்தாழ ‘இன்டெர்னெகியோ’ நிலைக்குக் கொண்டுவரப்பட்டதாக எழுதுகிறார். 600 மூப்பர்களில் 3 பேரும், 60,000 போர்வீரர்களில் 500 பேருக்கும் குறைவாகவுமே எஞ்சியதாக நெர்வியரே சொன்னார்கள் என்று கணக்கும் கொடுக்கிறார். ஆனால் கி.மு. 54-இல் ரோமானியப் படைமுகாம் ஒன்றைச் சூழ்ந்து நெருக்கியவர்களில் அதே நெர்வியர் முன்நிற்கிறார்கள், கி.மு. 52-இல் இன்றைய பிரான்சில் உள்ள அலேசியா என்ற ஊரைச் சீசர் முற்றுகையிட்டபோது அதை உடைக்கத் திரட்டப்பட்ட படைக்கு அவர்கள் பங்காக 5,000 பேர் கேட்கப்படுகிறார்கள். இவை இரண்டையும் எழுதியிருப்பவரும் சீசரே. பூண்டோடு போனவர்கள் ஐந்தாண்டுக்குள் ஐயாயிரம் பேரை எங்கிருந்து அனுப்புவார்கள்? ‘மதுரை கொண்ட’, ‘தலை கொண்ட’ என்று கல்வெட்டு மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அச்சொல் மெய்யாகவே பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. கி.மு. 314-இல் ஔசோனியர் என்ற சிற்றினத்தின் மூன்று ஊர்கள், உள்ளூர் இளைஞர் சிலர் காட்டிக்கொடுத்ததால், ஒரே நேரத்தில் ரோமானியர் வசமாயின. தளபதிகள் உடனில்லாமல் படை பாய்ந்ததால் கொலைக்கு அளவே இல்லாமற் போயிற்று என்றும், ஔசோனியர் ரோமுக்குத் துரோகம் செய்தது உறுதியாகத் தெரியாத நிலையிலேயே ‘இன்டெர்னெகிவும் (அச்சொல்லின் பெயரடை வடிவம்) போரில் மோதியவர்களைப் போல’ அவ்வினமே அழிக்கப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இங்கே ஒரு பக்கம் மட்டுமே கொன்றது, மறுபக்கம் மட்டுமே செத்தது. ‘ஒருவரையொருவர்’ என்ற பொருளை இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்தால் அது எவ்வளவு தப்பு என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: லத்தீனில் கொல்லுதலுக்கு ‘இன்டெர்ஃபிகெரே’, ‘ஒக்கீடெரே’, ‘நெகாரே’ என்று பல வினைகள் இருப்பதாகப் படித்தேன். இவை ஒரே பொருளா, வேறுபாடு உண்டா?
— ஆசிரியை, பெருந்துறை

பதில்: வேறுபாடு உண்டு; நாளாக நாளாக அது மங்கியதும் உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சொல்லாராய்ச்சியாளர் ஃபெஸ்டஸ் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ‘ஒக்கீடெரே’ என்றால் வெட்டியோ அடித்தோ கொல்லுதல் என்றும், ‘நெகாரே’ என்றால் அடி படாமல் கொல்லுதல் என்றும் சிலர் பிரிப்பார்கள் என்பது அந்தக் குறிப்பு. பட்டினி போட்டும், நஞ்சு கொடுத்தும், புகையில் அடைத்தும், நீரில் அமிழ்த்தியும் கொல்வதெல்லாம் ‘நெகாரே’யின் பக்கம். எல்லா ஆசிரியர்களும் இந்த எல்லையைக் காக்கவில்லை. வாளால் வெட்டியதற்கும் ‘நெகாரே’ என்று எழுதியவர்கள் உண்டு. ஆனாலும் மக்கள் பேச்சு அந்தப் பழைய எல்லையை மறக்கவில்லை. லத்தீனிலிருந்து கிளைத்த பிரெஞ்சில் ‘நுவாயே’, இத்தாலியத்தில் ‘அன்னெகாரே’ என்று இவ்வினையின் பிள்ளைகள் இன்றும் நீரில் மூழ்கிச் சாவதையும் மூழ்கடிப்பதையும்தான் குறிக்கின்றன.

நமக்குச் சுவையான செய்தி இன்னொன்று உண்டு. ‘நெக்ஸ்’, ‘நெகாரே’ ஆகியவற்றின் வேரும், ‘அழிதல்’ எனப் பொருள்படும் ‘நஶ்’ என்ற வடமொழி வேரும் ஒன்றே. அந்த வேரிலிருந்து தமிழுக்கு வந்தவைதாம் நாசமும் நஷ்டமும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ‘குவிண்டாலுக்கு இவ்வளவு நட்டமுங்க’ என்று சொல்கிறவர் ‘இன்டெர்னெகாரே’க்குத் தூரத்துப் பங்காளியான ஒரு சொல்லைத்தான் உச்சரிக்கிறார்.

‘ஒக்கீடெரே’யில் மாணவர்கள் கால் இடறுவது குறில் நெடிலில். ‘வெட்டுதல்’ என்னும் ‘கைடெரே’யிலிருந்து வந்தது நெடிலுள்ள ‘ஒக்கீடெரே’, அதாவது கொல்லுதல். ‘விழுதல்’ என்னும் ‘கடெரே’யிலிருந்து வந்தது குறிலுள்ள ‘ஒக்கிடெரே’, அதாவது விழுதல், கதிரவன் சாய்தல், சாதல். ரோமானியர் தம் எழுத்தில் குறிலையும் நெடிலையும் பொதுவாகப் பிரித்துக் காட்டாததால், ‘ஒக்கிடித்’ என்ற வடிவத்தைப் பக்கத்தில் கண்டதும் ‘கொன்றானா, செத்தானா’ என்று சூழலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பிறவினைக்கும் தன்வினைக்கும் இடையே எழுத்தில் தெரியாத ஒரு மாத்திரைதான் வேறுபாடு. நல்லவேளையாக, தமிழில் எழுதினால் அது கண்ணுக்குத் தெரிகிறது.

குறிலுள்ள சொல்லுக்குத் தமிழில் அச்சாகப் பொருந்துவது ‘படுதல்’. ஞாயிறு படும், போரில் வீரன் படுவான். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் ‘பட்டான் கல்’ என்று முடியும் வாசகம் இரண்டாவது பொருளில் வருவது. ‘ஒக்கிடெரே’யிலிருந்து ஐரோப்பியருக்கு மேற்குத் திசையின் பெயர் கிடைத்ததைப் போலவே, மட்டக்களப்புத் தமிழர் வாவிக்கு மேற்கே உள்ள கரையைப் படுவான்கரை என்கிறார்கள். நம் பக்கத்தில் ‘பொழுது விழுந்தது’ என்று சொல்வதிலும் அந்த விழுதல்தான் இருக்கிறது.

‘இன்டெர்ஃபிகெரே’ இவற்றில் மிகப் பொதுவானது. கருவியைச் சொல்லாது, முறையைச் சொல்லாது, கோபத்தையும் சொல்லாது. சீசர் அதை விரும்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: ‘உசுர வாங்காத கண்ணு’ என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் குழந்தைகளைச் சொல்வார்கள். பழைய லத்தீனிலும் கொல்லும் வினையை இப்படிப் பேச்சில் பயன்படுத்தியிருப்பார்களா?
— கல்லூரி மாணவி, காங்கேயம்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தினார்கள், அதற்கென்றே ஒரு வினை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ‘நெகாரே’யோடு ‘எ’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் ‘எனெகாரே’. நேர்ப்பொருள் ‘முழுக்கக் கொன்றுவிடுதல்’. ‘இன்டெர்னெகாரே’க்கு உடன்பிறப்பைப் போன்ற சொல்தான், ஆனால் இரண்டும் வளர்ந்த வீடுகள் வேறு. மூத்தது படை அறிக்கைக்குப் போயிற்று. இளையது அடுப்படிக்கும் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. பிளாட்டஸின் நாடகங்களில் ஒருவன் வளவளவென்று பேசினாலோ, விஷயத்தைச் சொல்லாமல் இழுத்தாலோ, எதிரில் இருப்பவன் ‘எனிகாஸ்’ என்கிறான். ‘உயிரை வாங்குகிறாய்’ என்று அப்படியே தமிழாக்கிவிடலாம். டெரன்ஸ் எழுதிய ‘யூனுகுஸ்’ நாடகத்தில் ஓர் இளைஞன், எங்கே போகிறாய், ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டுக் கேட்டே தன்னை மழுங்கடித்துக் கொன்றுபோட இப்போது ஓர் ஆள்கூட எதிரே வரவில்லையே என்று ஏங்குகிறான். வழக்கமாகத் தொல்லையாக இருப்பதை அவன் விரும்பித் தேடுவதற்குக் காரணம், உள்ளே அடக்க முடியாத மகிழ்ச்சி.

‘ஒக்கீடெரே’யும் இப்படி வரும். ஹொரேஸ் தம் ‘கவிதைக் கலை’யை முடிக்கும்போது, தன் பாட்டைப் படித்துக்காட்ட ஆள் தேடித் திரியும் கவிஞனை வருணிக்கிறார். அகப்பட்டவனைப் பிடித்துக்கொண்டு படித்தே கொல்வான், இரத்தம் நிரம்பும்வரை தோலை விடாத அட்டை அவன் என்பது அவர் வாக்கு. நம் ஊரில் ‘அறுவை’, ‘ரம்பம்’ என்று சொல்கிற ஆள் அவனேதான். இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிராது.

கேள்வி: எங்கள் ஊரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததாகப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அவற்றில் போரைப் பற்றியோ கொலையைப் பற்றியோ லத்தீன் சொற்கள் உண்டா?
— வாசகர், வெள்ளலூர்

பதில்: கொலைச்சொல் இல்லை, கொலைக்கு முன் நடக்கும் சடங்கின் கருவி உண்டு. கொங்கு நாட்டில் வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகளே மிகுதி. உங்கள் ஊரில் 1842-இலேயே அத்தகைய புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் காசுகளில் நம் பக்கம் மிகுதியாகக் கிடைப்பது, கி.மு. 2-ஐ ஒட்டி இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் அச்சிடத் தொடங்கிய ஒரு வகை. பின்புறத்தில் அவர் தத்தெடுத்த காயுஸ், லூகியுஸ் என்ற இரு பேரப்பிள்ளைகள் நிற்பார்கள். இருவருக்கும் நடுவே கேடயமும் ஈட்டியும் இருக்கும். அவற்றுக்கு மேலே பார்த்தால் ஒரு சிறிய அகப்பையும் தலை சுருண்ட ஒரு கோலும் தெரியும். கோல், பறவைக் குறி பார்க்கும் குருமாருடையது. அகப்பைக்குப் பெயர் ‘சிம்புலும்’. தெய்வத்துக்குப் படைக்கும்போது மது வார்ப்பதற்கு உரியது. டைபீரியஸ் காசில் ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ என்று இருப்பது தலைமைக் குரு என்ற பட்டம். பேரரசரே பலிகளுக்குத் தலைவர்.

பலியிடுதலுக்கு லத்தீனில் இரண்டு வினைகள் முதன்மையானவை: ‘இம்மொலாரே’, ‘மக்தாரே’. முதலாவதில் கொலையே இல்லை. வெஸ்டா தெய்வத்தின் கன்னிக் குருமார் கோதுமை மாவோடு உப்புக் கலந்து செய்யும் ‘மொலா ஸால்ஸா’ என்ற மாவை விலங்கின் தலையில் தூவுவதுதான் ‘இம்மொலாரே’. தூவினால் அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் தூவுதலே பலியின் பெயராகிவிட்டது. நம் கோயில்களில் கிடாய்மேல் மஞ்சள்தண்ணீர் ஊற்றி, அது உடம்பைத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக வைத்து வெட்டுவார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்றாலே வேலை முடிந்தது என்று பொருள்படுவதைப் போலத்தான் அதுவும்.

‘மக்தாரே’யின் வழி வேறு. ‘மக்தே’ என்றால் சிறப்பிக்கப்பட்டவன், வாழ்த்தப்பட்டவன். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், ஒரு தோப்பின் மரங்களைக் கழிப்பதற்கு முன் பன்றியைப் பலியிட்டுச் சொல்லவேண்டிய மந்திரம் இருக்கிறது. அந்தத் தோப்பில் குடியிருக்கும் தெய்வம் யாரென்று தெரியாததால், ‘நீ ஆண்தெய்வமானாலும் பெண்தெய்வமானாலும்’ என்றுதான் அது தொடங்குகிறது. இத்தகைய வேண்டுதல்களில், இந்தப் பலியால் நீ ‘மக்தே’ ஆகுக என்று தெய்வத்தை நோக்கிச் சொல்வார்கள். ஆக, முதலில் இவ்வினையின் செயப்படுபொருள் தெய்வம்; விலங்கால் தெய்வத்தைச் சிறப்பித்தல். பிறகு செயப்படுபொருள் மாறி, தெய்வத்துக்கு விலங்கை ‘மக்தாரே’ செய்தல் என்றாயிற்று. அதற்கும் பிறகு கவிஞர்கள் மனிதனைப் பழிவாங்கிக் கொல்வதற்கும் அதையே வழங்கினார்கள். வாழ்த்தாகப் பிறந்த சொல் கொலையாக முடிந்தது.

பலிபீடத்தருகே கொல்லும் வினையை வாயால் சொல்லாமல் தவிர்க்கும் வழக்கமும் ரோமில் இருந்தது. கத்தியோடு நிற்கும் ஏவலன், வெட்டுவதற்கு முன் ‘அகோனே?’ என்று கேட்பானாம், ‘செய்யட்டுமா?’ என்பதுதான் அதன் பொருள். ஓவிட் தம் பண்டிகை நூலில் இதைக் குறித்துவைத்திருக்கிறார்.

கேள்வி: ஓர் உரைநடைப் பகுதியை மொழிபெயர்க்கிறேன். ‘இன்டெர்னெகாரே’க்குத் தமிழில் ஒரே சொல்லாக எதைப் போடுவது? சங்க இலக்கியத்தில் பொருத்தமான அருஞ்சொல் உண்டா?
— வாசகர், அவினாசி

பதில்: அருஞ்சொல்லுக்கு அருஞ்சொல்தான் வைக்க வேண்டும் என்ற ஆசை மொழிபெயர்ப்பாளர் எல்லாருக்கும் வருவது, இந்த இடத்தில் அது கைகொடுக்காது. ‘அடு’ என்ற பழவினை கொல்லுதலையும் சமைத்தலையும் ஒருங்கே குறிக்கும். அடுகளமும் அதிலிருந்து வந்தது, அடுப்பும் அதிலிருந்து வந்தது. ஆனால் முழுமையை அது சொல்லாது. ‘செகு’ என்பதைக் குறள் வேள்விச் சூழலில் வைத்திருக்கிறது: ‘அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று.’ அங்கே பேசப்படுவது ஒன்றன் உயிர். ‘மக்தாரே’ வரும் பகுதியில் இச்சொல்லை எடுத்தாளலாம். ஓர் இனத்தையே துடைத்தெடுப்பதற்கு அது பொருந்தாது. ‘கருவறு’ முழுமையைச் சொல்கிறது என்றாலும், சாபத்தின் வாடை அதில் தூக்கலாக இருக்கிறது.

லத்தீன் முன்னொட்டால் செய்வதைத் தமிழ் பின்னால் வரும் வினையால் செய்கிறது என்பதை நினைவில் வைத்தால் வழி கிடைத்துவிடும். கொன்றுவிட்டான் என்றால் செயல் முடிந்தது. கொன்றுபோட்டான் என்றால் அலட்சியம் தொனிக்கிறது. கொன்று குவித்தான் என்றால் பிணங்களின் எண்ணிக்கை கண்ணில் படுகிறது. கொன்றொழித்தான், கொன்று தீர்த்தான் என்றால் இனிக் கொல்ல ஆள் இல்லை. ‘இன்டெ’ரின் வேலையை இந்தக் கடைசி இரண்டும் செய்கின்றன. இரண்டில் எதை எடுப்பது என்பது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. அரசு அறிக்கையின் மிடுக்குக்குக் கொன்றொழித்தல்; களத்தில் நிற்பவன் வாய்க்குக் கொன்று தீர்த்தல். பெயர்ச்சொல்லாகிய ‘இன்டெர்னெகியோ’வுக்கு ‘பூண்டோடு அழிவு’ என்று போடலாம். ‘இனப்படுகொலை’ என்று போடவேண்டாம், அது 20-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தின் வரையறையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும்.

கேள்வி: ‘டெசிமேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அடியோடு அழிப்பதுதானே?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: லத்தீனில் ‘டெகிமாரே’ என்பது பத்தில் ஒன்று எடுத்தல். போர்க்களத்தில் கோழைத்தனம் காட்டிய ரோமானியப் படைப்பிரிவில் சீட்டுப் போட்டு, பத்துப் பேருக்கு ஒருவரை எடுத்து, உடனிருந்த வீரர்களைக் கொண்டே தடியால் அடித்துக் கொல்லச் செய்யும் தண்டனை அது. கி.மு. 71-ஐ ஒட்டி, ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் எழுந்தபோது, மறந்துபோயிருந்த அந்தத் தண்டனையை ரோமானியத் தளபதி கிராஸுஸ் மீண்டும் கொண்டுவந்தார். ஒன்பது பேர் உயிரோடு இருந்து பார்க்கவேண்டும் என்பதே அதன் நோக்கமாதலால், ‘இன்டெர்னெகாரே’க்கு அது நேர் எதிர்.

கேள்வி: தோட்டத்துக்கு வாங்கும் மருந்து டப்பாக்களில் ‘இன்செக்டிசைடு’, ‘ஹெர்பிசைடு’ என்று எல்லாம் ‘சைடு’ என்றே முடிகிறதே, இதுவும் நீங்கள் சொல்லும் லத்தீன் வினைகளில் ஒன்றா?
— விவசாயி, தாராபுரம்

பதில்: ஆம், மேலே பெருந்துறை ஆசிரியைக்குச் சொன்ன ‘கைடெரே’, அதாவது வெட்டுதல், கூட்டுச்சொல்லின் பின்பாதியில் அப்படிச் சுருங்கும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று தமிழில் நாம் செய்துகொண்ட சொற்கள் அதே அமைப்பில் இருந்தாலும் அதைவிடத் தெளிவானவை. களைக்கொல்லி எதையும் வெட்டுவதில்லையே. தெளிப்பதெல்லாம் வெட்டுப்படாத சாவு என்பதால், ஃபெஸ்டஸின் கணக்குப்படி பார்த்தால் ‘நெகாரே’யிலிருந்துதான் பெயர் எடுத்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் ‘மருந்து’ என்று நீங்கள் எழுதியிருப்பது அதைவிடச் சுவையானது. புழுவைக் கொல்லும் நஞ்சை நாம் மருந்து என்கிறோம். ‘மருந்தடித்தாயிற்றா’ என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். லத்தீனில் நஞ்சைக் குறிக்கும் ‘வெனேனும்’ என்ற சொல்லும் இரண்டுக்கும் பொதுவாகவே இருந்தது. ரோமின் பழஞ்சட்டத் தொகுப்பான பன்னிரு பலகைச் சட்டத்துக்கு உரை எழுதிய காயுஸ் என்ற சட்ட அறிஞர், ‘வெனேனும்’ என்று சொல்கிறவர் அது நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும், ஏனெனில் மருந்துகளும் ‘வெனேனும்’தான் என்று எழுதிவைத்தார். நச்சுக் கொலைகளுக்கான ரோமானியச் சட்டத்தில் ‘கெட்ட வெனேனும்’ என்று அடைமொழியோடு வருவது அதனால்தான்.